முகமூடி வீரனை வெறுப்புக்கு எதிரே நிறுத்துவது எப்படி

சனிக்கிழமை காலைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை வரையக் கற்றுக்கொடுக்கிறேன். எல்லாருக்கும் முகமூடி வீரன்தான் வேண்டும். இரவில் வருவான், கெட்டவனை அடிப்பான், மறைந்துபோவான். திருடனைப் பிடிக்கும் கதைக்கு இது போதும். இனவெறியும் மதவெறியும் வரும் கதைக்குப் போதாது. அப்படி ஒரு கதை வரைய நினைப்பவர்களுக்காக, வகுப்பில் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் முகமூடி. 1930களின் அமெரிக்க மலிவுத்தாள் இதழ்களில் இந்த வகை வீரன் செழித்து வளர்ந்தான். 1931இல் தனி இதழாக வந்த தி ஷேடோவைப் பாருங்கள்: கறுப்பு அங்கி, கண்ணுக்கு மேல் இறங்கிய தொப்பி, இரண்டு கைத்துப்பாக்கி, இருட்டில் ஒரு சிரிப்பு. தீர்ப்பையும் அவனே சொல்லிவிடுவான். அதே நாட்டில் வெள்ளைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, தீர்ப்பு தங்கள் கையில்தான் என்று இரவில் கிளம்பியவர்கள், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தார். இரண்டு உருவத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வரைந்து பாருங்கள். உங்கள் வீரன் எதில் அவர்களிடமிருந்து மாறுபடுகிறான் என்று ஒரே வரியில் எழுதுங்கள். என் மாணவன் ஒருவன், "இவன் கதவைத் தட்டி, முகமூடியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவான்" என்று எழுதினான். அந்த ஒரு வரியிலிருந்தே அவனுக்கு எட்டுப் பக்கக் கதை கிடைத்தது.

அடுத்து வில்லன். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். சென்ற ஆண்டு உயர்நிலை ஒன்றில் படித்த பெண், வெறுப்பைப் பரப்பும் தலைவனை வரைந்தாள். கோடு போன்ற கண், தொங்கு மீசை, நீண்ட நகம். எங்கே பார்த்தாய் என்றேன். பழைய காமிக்ஸ் அட்டையில் என்றாள். உண்மைதான், அந்தக் காலத்து இதழ்கள் கீழை நாட்டு வில்லன்களை அப்படித்தான் வரைந்து விற்றன. மேசைக்கு அந்தப் பக்கம் அவளுடைய சீனத் தோழி வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அவளே அழிப்பானை எடுத்து, தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்தாள்.

1946இல் சூப்பர்மேன் வானொலித் தொடர் கிளானை எதிர்த்து 16 பகுதிகள் ஒலிபரப்பியது. அதில் சீனக் குடும்பத்துப் பையன் டாமி நன்றாகப் பந்து வீசுகிறான். அவனிடம் அணியில் தன் இடத்தைப் பறிகொடுத்த சக் என்ற பையன் வீட்டில் போய்க் குமுறுகிறான். வீட்டுப் பெரியவரோ அந்தக் கூட்டத்தின் தலைவர். எனக்குச் சூப்பர்மேனைவிட அந்தச் சக் என்ற பையன்தான் முக்கியம்; வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்று அவனிடம்தான் தெரிகிறது. உங்கள் கதையிலும் அவனைப் போல ஒருவனைத் தேடுங்கள்.

களம் சிங்கப்பூர் என்றால் இன்னும் கவனம் தேவை. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த இனக் கலவரங்களில் 36 பேர் உயிரிழந்தார்கள். ஊரடங்கு வந்தது, வதந்தியும் கூடவே ஓடியது. அந்த இரவில் முகமூடி போட்ட ஒருவன் யாரையாவது அடித்தால், ஜன்னல் வழியே பார்ப்பவர் அவனை யாருடைய ஆள் என்று நினைப்பார்? பயத்தைத் தணிக்க அப்போது நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பல இனத்தவரும் சேர்ந்து அக்கம்பக்கத்தாரிடம் பேசினார்கள். உங்கள் வீரனுக்கும் அந்த வேலையைக் கொடுங்கள்.

இன்றைய கதைக்கு நான் தரும் பயிற்சி மூன்றே கட்டங்கள். மின்தூக்கிக்குள் ஒருவர், கைப்பேசி வெளிச்சம் முகத்தில். அடுத்ததில் விரல் மட்டும், வாட்ஸ்அப் வதந்தியை அனுப்பும் பொத்தானுக்கு மேல். மூன்றாவதில் கதவு திறக்கிறது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) கையில் குவே பலகாரத் தட்டோடு நிற்கிறார், இவர் கைப்பேசியைக் கீழே இறக்குகிறார். வீரன் எங்கே? கதவின் பளபளப்பில் அவன் நிழல் மட்டும் தெரிந்தால் போதும்.

அட்டையைக் கடைசியில் வரையுங்கள். 1941 மார்ச் தேதியிட்ட கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையில் ஹிட்லர் முகத்தில் குத்து விழும். அமெரிக்கா போரில் இறங்காத நேரத்தில், அந்த வீரனை உருவாக்கிய ஜோ சைமனும் ஜாக் கர்பியும் அதைச் செய்தார்கள். இருவரும் யூதர்கள். அந்தத் துணிச்சலை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகள் அட்டையில் குத்தை வரைந்துவிட்டால், உள்ளே எல்லாப் பக்கமும் அதை நோக்கியே ஓடுகிறது.

மை போடுவதற்கு முன் பென்சில் படியை வேற்றினத்து நண்பர் ஒருவரிடம் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கட்டத்தில் அவர் கண் தயங்குகிறது என்று பாருங்கள். அதைத் திருத்துங்கள். அப்புறம் மை.