சட்ட உதவி மையத்தில் பயிற்சி: முதல் வாரத்திலேயே பழக வேண்டியவை

இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும். பயிற்சி விண்ணப்பத்தை அதன் செயலாளருக்கு எழுதுங்கள். அவர் ஒரு நீதிபதி. கல்லூரிப் பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை நகல், எந்தத் தேதி முதல் எதுவரை வருவீர்கள் என்ற விவரம் மூன்றையும் இணையுங்கள்.

1. இலவச சட்ட உதவிக்கு யாருக்கு உரிமை உண்டு?

1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவை மனப்பாடம் செய்துவிடுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் உள்ளிட்டோருக்கு வருமான வரம்பே கிடையாது. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கைவிடப்பட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் வருமானச் சான்றிதழ் கேட்டு அனுப்பினால், அவர் திரும்பி வராமலே போகலாம். அந்த வரம்பு, 12ஆம் பிரிவின் மற்ற வகைகளில் வராதவர்களுக்கு மட்டும்.

2. குறிப்பெடுப்பது

முதல் பத்து நிமிடம் பேனாவைத் தொடாமல் கேளுங்கள். பிறகு ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: தேதி, நடந்தது, அதற்கான ஆதாரம். தேதி நினைவில்லை என்பவரிடம் ‘பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்று கேட்டால் பெரும்பாலும் பிடிபடும். மூல ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நகல் எடுத்து அப்போதே திருப்பிக் கொடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கவே கூடாது.

குறிப்பு முடிந்ததும் கெடு எது என்று பாருங்கள். காசோலை திரும்பிய வழக்கென்றால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். 28ஆம் நாள் வந்தவரை ‘திங்கட்கிழமை வாங்க’ என்று அனுப்புவது அவர் வழக்கையே முடித்துவிடும். அன்றைக்கே சட்ட உதவி வழக்கறிஞரிடம் கூட்டிப்போங்கள். ‘கண்டிப்பா ஜெயிச்சிடும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

3. சிறைக்குப் போகும்போது

பயிற்சியில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு விசாரணைக் கைதிக்கும் ரிமாண்ட் ஆன (காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்ட) தேதி, சட்டப்பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலான தேதி, முன்தண்டனை, வேறு வழக்குகள் இவற்றைக் குறியுங்கள்.

வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் பெறுவது உரிமை. ஆனால் தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். நாட்களை எண்ணிவைப்பது இதற்காகத்தான்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவுப்படி, உச்சபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்தவரை ஜாமீனில் விட வேண்டும். இதற்குமுன் தண்டனையே பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தாலும் தடை உண்டு. அதைக் கேட்காமல் மனு எழுதினால் நீதிமன்றத்தில் நிற்காது.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். நிபந்தனையைத் தளர்த்த மனு போடலாம்.

4. மக்கள் நீதிமன்றம்

இரு தரப்பும் பேசிச் சமரசமாக வழக்கை முடிக்கும் இடம் இது. இங்கே வழக்கு முடிந்தால், ஏற்கெனவே கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு இல்லை. ஆகவே கையெழுத்துக்கு முன் தொகை, தவணை, தேதி மூன்றையும் தமிழில் உரக்கப் படித்துக் காட்டி, உதவி கேட்டு வந்தவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தயங்கினால் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்; கையெழுத்து காத்திருக்கட்டும்.