லாக் போட்ட போன் வாங்குமுன் யார் சொல்வதைக் கேட்பது?

வெளிநாட்டில் வந்து இறங்கியதும் முதல் வேலை உள்ளூர் நம்பர் வாங்குவது. வீடு பார்க்கப் போனால் நம்பர் கேட்பார்கள், வங்கிக் கணக்குக்குக் கேட்பார்கள், வேலையில் சேரும் படிவத்தில் கேட்பார்கள். அந்த அவசரத்தில் கடைக்குள் நுழைந்தால், மற்ற இடங்களில் விற்பதைவிட மிகக் குறைந்த விலையில் ஒரு புதுப் போன் கண்ணில் படும். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில், இந்தக் கம்பெனியின் சேவைக்கு மட்டும் என்று அச்சிட்டிருக்கும். இதைத்தான் லாக் போட்ட போன், கேரியர் லாக் என்கிறோம். விற்ற செல்போன் சேவைக் கம்பெனியின் (அதுதான் கேரியர்) சிம்மைத் தவிர வேறு சிம்மை அது ஏற்காது. போன் விலையில் ஒரு பங்கைக் கம்பெனி தானே ஏற்றுக்கொண்டு, அதை மாதா மாதம் நம் பிளான் பணத்திலிருந்து திரும்ப எடுக்கிறது. எடுத்து முடிக்கும்வரை நாம் வேறு கம்பெனிக்குப் போகாமலிருக்கத்தான் அந்தப் பூட்டு.

நம்மவர்கள் கைக்கு இந்தப் போன் அதிகம் வந்து சேர்வதற்குக் காரணம் உண்டு. புதிதாக வந்தவருக்கு அந்த நாட்டில் கடன் வரலாறு கிடையாது. தவணையில் நல்ல போன் தரமாட்டார்கள், முழுப் பணத்தையும் மொத்தமாகக் கட்டவும் முதல் மாதத்தில் முடியாது. மிஞ்சுவது பிரீபெய்டு லாக் போன்தான்.

அதை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனியில் ஒரு வருடம் இருக்கப் போகிறவருக்கு அது நியாயமான பேரம். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் வசதி வேறு, அந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் வசதி வேறு. இந்த வித்தியாசத்தை விற்பவர் சொல்ல மாட்டார், பயன்படுத்தியவர்தான் சொல்வார். அதனால் வாடிக்கையாளர்கள் எழுதும் கருத்துகளை நட்சத்திரம் எண்ணிப் பார்க்காமல், சரியாகப் படிக்கத் தெரிந்துகொள்வது முக்கியம்.

அதற்கு முன், நீங்கள் இருக்கும் நாட்டில் இந்தத் தொல்லை இருக்கிறதா என்று பாருங்கள். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிதாக விற்கும் போன்கள் பூட்டில்லாமல்தான் வரவேண்டும். பழைய லாக்கையும் கட்டணமில்லாமல் எடுத்துத் தரவேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் லாக் போட்டு விற்கத் தடை. ஜப்பானிலும் 2021 அக்டோபர் முதல் பொதுவாக லாக் கூடாது. சிங்கப்பூரில் சிம் லாக்குக்கே அனுமதியில்லை. இந்த நாடுகளில் இருப்பவர்கள் பழைய போன் வாங்கும்போது மட்டும் கவனித்தால் போதும். அமெரிக்காவில் இது இன்றும் அன்றாட விஷயம். ஆஸ்திரேலியாவிலும் பிரீபெய்டாக விற்கும் போன்களில் லாக் இருப்பது சகஜம்.

ஊர் நம்பர்தான் முதல் கேள்வி

லாக் போனைப் பற்றி அங்கேயே பிறந்து வளர்ந்தவர் எழுதும் கருத்தில் பெரும்பாலும் வராத ஒன்று, நமக்குத்தான் தலைபோகிற காரியம். அது ஊர் சிம். வங்கியின் ஓடிபி, ஆதார் ஓடிபி, வருமான வரித் தளத்தின் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். ரோமிங் போட்டு வைத்திருக்கிறோம், தேவைப்படும்போது புதுப் போனில் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பில் பழைய போனை ஊரிலேயே தம்பியிடம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

பிறகு ஒரு நாள் இரவு பணம் அனுப்ப வேண்டியிருக்கும். கம்பியால் குத்தித் தட்டை வெளியே இழுத்து, ஊர் சிம்மை வைத்து உள்ளே தள்ளுவீர்கள். ஆண்ட்ராய்டு என்றால் நெட்வொர்க் அன்லாக் பின் கேட்டு ஒரு கட்டம் வந்து நிற்கும். ஐபோன் என்றால் இந்தச் சிம் செல்லாது என்று சொல்லும். சிம்மைத் துடைத்துப் போட்டாலும், போனை அணைத்துப் போட்டாலும், ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அது மாறாது. ரீசெட் உங்கள் படங்களைத்தான் அழிக்கும், லாக்கைத் தொடாது. வங்கியின் ஓடிபி அதற்குள் காலாவதியாகியிருக்கும்.

இதே இடத்தில்தான் கருத்துகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதையும் பார்ப்பீர்கள். ஒருவர் டூயல் சிம் அருமை என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார். அடுத்தவர் டூயல் சிம் என்பது பொய் என்று ஒரு நட்சத்திரத்தோடு திட்டியிருப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். முதலாமவர் வைத்திருப்பது திறந்த போன், இரண்டாமவருடையது லாக் போன். பூட்டு சிம் தட்டோடு நிற்பதில்லை, இ-சிம்மையும், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்மையும், சேர்த்துக் கட்டும். லாக் உள்ள ஐபோனில் இரண்டு இணைப்பு வைக்கலாம், ஆனால் இரண்டும் அதே கம்பெனியுடையதாக இருக்கவேண்டும். நமக்கு அதனால் பயனில்லை.

அமெரிக்கா போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே விற்கும் ஐபோன்களில் 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். அதில் ஊர் நம்பரை வைக்க நினைத்தால், சிம்மை இ-சிம்மாக மாற்றும் வேலையை ஊரிலிருக்கும்போதே முடித்துவிட்டு வாருங்கள். அப்படி மாற்றினாலும் போன் திறந்ததாக இருந்தால்தான் ஏறும். அதனால் என் யோசனை எளிது: ஊரில் பயன்படுத்திய போன் எவ்வளவு பழையதானாலும் கையோடு கொண்டு வாருங்கள். ஊர் சிம் அதிலேயே இருக்கட்டும். ரோமிங்கைக் கிளம்புமுன்பே போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் வைஃபையில் ஓடிக்கொள்ளும், அதற்கும் லாக்குக்கும் சம்பந்தமில்லை.

எந்தக் கருத்து எதற்கு உதவும்

கேமரா, திரை, பேட்டரி, ஒலி, எடை: இவற்றில் லாக் எதையும் மாற்றுவதில்லை. அதே மாடலைப் பற்றி உலகத்தில் யார் எழுதியதையும் படிக்கலாம், தமிழில் வரும் வீடியோக்களும் போதும்.

ஹாட்ஸ்பாட் அப்படியல்ல. போனுக்கு அந்தத் திறமை இருக்கும், ஆனால் திறந்துவிடுவதும் மூடுவதும் கம்பெனியின் கையில். விலை குறைந்த பிளானில் பொத்தானை அழுத்தினால் உங்கள் பிளானில் இது இல்லை என்று வரும். வீட்டில் இணைய இணைப்பு வரும்வரை ஹாட்ஸ்பாட்டை நம்பி லேப்டாப்பை ஓட்டலாம் என்று திட்டமிடுகிறவர்கள், அதே பிளானில் இருப்பவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள்.

வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியே அழைப்பது, அதுவும் அப்படித்தான். பேஸ்மென்ட் வீட்டில் குடியேறுகிறவர்களுக்கு இது அவசியம், கீழே டவர் எடுக்காது. கம்பெனி போனில் அதே கம்பெனியின் சிம்மோடு இது நன்றாகவே வேலை செய்யும். லாக்கை எடுத்து வேறு சிம் போட்டபிறகு மெனுவிலிருந்தே காணாமல் போனது என்று எழுதுகிறவர்கள் உண்டு. வோல்ட்இ, அதாவது 4ஜி வழியே குரல் அழைப்பு, அதற்கும் இதே நிலைதான். சிம் ஏறியும் குரல் போகாத நிலை வரலாம்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2022-இல் 3ஜி சேவைகளை மூடினார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28 அன்று டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்ற இரண்டு சேவைக் கம்பெனிகளும் மூடத் தொடங்கின; 4ஜி வழியே அவசர எண்ணான 000-ஐ அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே தடுத்துவிட்டார்கள். எனவே மூடுவதற்கு முன் எழுதிய பழைய கருத்தில் அழைப்பு தெளிவாக இருக்கிறது என்று பார்த்தால், அது 3ஜியில் போன அழைப்பாக இருக்கலாம். இன்றைக்கு அந்தச் சான்று செல்லாது. கருத்தின் தேதியை முதலில் பாருங்கள்.

சாஃப்ட்வேர் அப்டேட் தாமதமாகிறது, தேவையில்லாத ஆப்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, நீக்க முடியவில்லை என்று ஆண்ட்ராய்டு லாக் போன்கள் பற்றி ஓயாமல் வரும் புகார் உண்மையே. கம்பெனி சோதித்து அனுமதித்த பிறகுதான் அப்டேட் வரும். எரிச்சல்தான், ஆனால் அதற்காகப் போனை ஒதுக்க வேண்டியதில்லை.

தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கருத்துப் பகுதிக்குள்ளேயே தேடும் கட்டம் இருக்கும். அதில் அன்லாக், ஹாட்ஸ்பாட், வைஃபை காலிங், டூயல் சிம் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். வாங்கிய முதல் வாரத்தில் எழுதியவருக்கு அன்லாக் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எழுதியவர் சொல்வதுதான் பொன். சில விற்பனைத் தளங்களில் ஒரே போனின் எல்லா வகைகளுக்கும் வந்த கருத்துகளை ஒன்றாகக் கொட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் படிப்பது எந்த வகையைப் பற்றியது என்று உறுதி செய்யுங்கள். அமெரிக்காவில் விற்கும் சாம்சங் கேலக்ஸியில் மாடல் எண் யூ (U) என்று முடிந்தால் சேவைக் கம்பெனிக்கென்று வந்த போன், யூ1 (U1) என்று முடிந்தால் திறந்த போன். ஒரு நட்சத்திரக் கருத்துகளில் கணிசமானவை போனைப் பற்றியே இருக்காது. கஸ்டமர் கேர் எடுக்கவில்லை, சிக்னல் இல்லை என்றிருக்கும். அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். லாக் போன் வாங்கும்போது போனோடு அந்த கஸ்டமர் கேரையும் அந்த சிக்னலையும் சேர்த்தேதான் வாங்குகிறீர்கள். சிக்னலைப் பற்றி மட்டும் உங்கள் தெருவில் இருப்பவர் சொல்வதே கணக்கு, வேறு ஊர்க்காரரின் அனுபவம் உதவாது.

லாக்கை எடுப்பது

அமெரிக்காவில் 2014 ஆகஸ்டில் வந்த சட்டம், வாடிக்கையாளர் தன் போனைத் திறந்துகொள்வதைச் சட்டபூர்வமாக்கியது. எப்போது திறந்துதர வேண்டும் என்பது பெரும்பாலும் கம்பெனியின் விதி. போன் பணம் முழுதும் கட்டியிருக்கவேண்டும், திருட்டுப் புகார் இருக்கக் கூடாது, குறிப்பிட்ட காலம் அவர்கள் சேவையில் ஓடியிருக்கவேண்டும். தவணையில் வாங்கியவருக்கு இந்தச் சேவைக் காலம் சில வாரங்களாக இருக்கலாம், ஆனால் தவணையை முழுதும் கட்டி முடித்திருக்கவேண்டும். பிரீபெய்டில் ஆறு மாதம், ஒரு வருடம் என்றும் வைத்திருக்கிறார்கள். நடுவில் ரீசார்ஜ் விட்டுப்போனால் அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காத கம்பெனியும் உண்டு. வாங்குமுன் கம்பெனியின் தளத்தில் இருக்கும் அன்லாக் விதியைத் தேடி, அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது பிறகு நிற்காது.

விண்ணப்பிக்கும்போது போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் கேட்பார்கள். *#06# அழுத்தினால் திரையில் வரும்.

தெரிந்தவர் ஒருவர் சீக்கிரம் திறந்து தருகிறார் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். தவறான அன்லாக் குறியீட்டைச் சில முறைதான் போட முடியும். அதைத் தாண்டினால் சரியான குறியீட்டையும் ஏற்காமல் இறுகிவிடும் போன்கள் உண்டு. ஐபோனில் சிம்மோடு ஒட்டிப் போடும் மெல்லிய சிப் விற்கிறார்கள். அடுத்த அப்டேட்டில் அது செத்துப்போகும் ஆபத்து உண்டு.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு மூன்று பூட்டுகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். கேரியர் லாக் ஒன்று. முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது இரண்டாவது. அவரே கடவுச்சொல் போட்டு நீக்காமல் விடாது. தவணை கட்டாமல் விட்டதாலோ திருட்டுப் புகாராலோ ஐஎம்இஐ கறுப்புப் பட்டியலில் இருப்பது மூன்றாவது. அந்த நாட்டில் அந்தப் போனில் பொதுவாக எந்தச் சிம்மும் ஓடாது. விற்கிறவர் அன்லாக் என்று சொன்னால் முதலாவதை மட்டுமே சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தனியாகக் கேளுங்கள்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று உள்ளே போனால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். அதன் எதிரே சிம் கட்டுப்பாடு இல்லை என்று ஆங்கிலத்தில் காட்டினால் திறந்த போன். ஆண்ட்ராய்டில் இதைக் காட்டும் இடம் போனுக்குப் போன் மாறும், எனவே வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமானது. நண்பரிடம் சிம் வாங்கிப் போட்டு, ஒரு அழைப்பு, ஒரு எஸ்எம்எஸ், வைஃபையை அணைத்துவிட்டு இணையம், மூன்றையும் சோதியுங்கள். சிக்னல் கோடுகள் தெரிந்தால் மட்டும் போதாது.

லாக் எடுத்த போனை அப்பா அம்மாவுக்கு ஊருக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் அலைவரிசையையும் பாருங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி என்று எதுவும் இல்லை. அதில் குரல் போக வோல்ட்இ வேலை செய்தே ஆகவேண்டும். ஜியோவின் 4ஜி ஓடுவது 3, 5, 40 ஆம் பேண்டுகளில் (அலைவரிசைகளுக்கு வைத்த எண்கள்); உங்கள் மாடலின் விவரப் பட்டியலில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஊருக்குப் போகிற நண்பர் யாராவது அதே மாடலை அங்கே பயன்படுத்தியிருந்தால் அவரிடம் கேளுங்கள், அதைவிட நல்ல கருத்து எந்தத் தளத்திலும் கிடைக்காது. நீங்கள் லாக்கை எடுத்து முடித்ததும், எந்தக் கம்பெனி, என்ன மாடல் எண், எத்தனை மாதம் ஆனது, ஊர் சிம் ஏறியதா என்று நான்கு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த விமானத்தில் வருகிறவர் அதைத்தான் தேடுவார்.