நியூ ஜெர்சி கல்லூரிகள்: கடனையும் சம்பளத்தையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பது எப்படி?

எங்கள் எடிசன் பக்கம் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் செப்டம்பரிலிருந்தே பேச்செல்லாம் கல்லூரிதான். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி வாசலில் நின்றால் போதும், "ஸ்டீவன்ஸ் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்", "ரட்கர்ஸே போதுமே, எதற்கு இவ்வளவு கடன்?" என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். (ஸ்டீவன்ஸ் தனியார், ரட்கர்ஸ் அரசுப் பல்கலைக்கழகம்.) அக்கறையில் சொல்வதுதான். ஆனால் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் குறைவு. என் மகளுக்குக் கல்லூரி தேடிய வருடம் நான் போட்ட எக்ஸெல் தாளை அப்புறம் நண்பர்கள் பலர் கேட்டு வாங்கினார்கள். அதை எப்படிப் போடுவது என்று முதலிலிருந்து சொல்கிறேன். வகுக்கவும் பெருக்கவும் தெரிந்தால் போதும்.

படி 1: எண்களை எடுப்பது

அமெரிக்கக் கல்வித் துறை 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்று ஒரு தளம் நடத்துகிறது. 2015-லிருந்து அதில் பழைய மாணவர்களின் சம்பள விவரமும் இருக்கிறது. இது கல்லூரிகள் தாங்களே கருத்துக்கணிப்பு எடுத்து விளம்பரக் கையேட்டில் போடும் எண் அல்ல. வருமான வரிப் பதிவுகளிலிருந்து எடுத்தது. அதனால்தான் நான் இதை நம்பித் தொடங்கினேன்.

உங்கள் பட்டியலில் ஏழெட்டுக் கல்லூரிகள்தான் என்றால் தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடி, எண்களைக் கையாலேயே தட்டச்சு செய்துகொள்ளலாம். ஒரு மணி நேர வேலை. மாநிலம் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் 'டேட்டா' பக்கத்துக்குப் போய், கல்லூரி வாரியான சமீபத்திய கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதோடு நிரல்களின் (தாளில் மேலிருந்து கீழே போகும் பத்திகளின்) பெயர்களை விளக்கும் 'டேட்டா டிக்ஷனரி' கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எந்தச் சுருக்கம் எதைக் குறிக்கிறது என்று பிடிபடாது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கோப்பைக் கூகுள் ஷீட்ஸில் திறக்க முயலாதீர்கள். நாடு முழுவதும் 6,000-க்கு மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் 3,000-க்கு மேற்பட்ட நிரல்கள். கூகுள் ஷீட்ஸ் ஒரு தாளில் 1 கோடி கட்டங்கள் வரைதான் தாங்கும், இது அதைத் தாண்டிவிடும். எக்ஸெலில் திறக்கும், கொஞ்சம் நேரம் எடுக்கும். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆஃபீஸின் புதிய பதிப்பைப் பயன்படுத்தலாம்.

படி 2: நியூ ஜெர்சியை மட்டும் பிரிப்பது

மேல் வரிசையைத் தேர்ந்தெடுத்து ஃபில்டர் போடுங்கள். மாநிலச் சுருக்கம் உள்ள நிரலில் நியூ ஜெர்சியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நிறைய வரிசைகள் மிஞ்சும், அழகுக்கலைப் பயிற்சி நிலையங்கள்கூட அதில் இருக்கும். அங்கே அதிகமாக எந்தப் பட்டம் கொடுக்கிறார்கள் என்று சொல்லும் நிரல் ஒன்று உண்டு. அதில் 1 என்றால் சான்றிதழ், 2 என்றால் இரண்டு வருடப் பட்டம், 3 என்றால் நான்கு வருட இளநிலைப் பட்டம். 3-ஐ மட்டும் வையுங்கள்.

இப்போது தாளில் ரட்கர்ஸின் வளாகங்கள், என்ஜேஐடி (நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகம்), டிசிஎன்ஜே (தி காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி), ரோவன், மான்ட்கிளேர், ஸ்டாக்டன், ராமபோ, கீன், ஸ்டீவன்ஸ், பிரின்ஸ்டன், சீட்டன் ஹால், ரைடர் என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் நிற்கும். லேக்வுட் போன்ற ஊர்களில் உள்ள யூத சமயக் கல்வி நிலையங்களும் வரும். அங்கே படிப்பின் நோக்கமே வேறு என்பதால், சம்பளக் கணக்கில் அவற்றைச் சேர்ப்பது நியாயமில்லை. நான் அவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டேன்.

படி 3: தேவையான நிரல்கள்

மூவாயிரம் நிரல்களில் நமக்கு வேண்டியது ஏழே ஏழு: கல்லூரியின் பெயர், அரசா தனியாரா, பட்டம் முடித்தவர்களின் இடைநிலைக் கடன், சேர்ந்து 10 வருடம் கழித்து இடைநிலைச் சம்பளம், படிப்பை முடிப்பவர்களின் விகிதம், ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) கடன் வாங்கும் மாணவர்களின் விகிதம், நிகரச் செலவு. இவற்றைப் புதிய தாளுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இடைநிலை என்பது சராசரி அல்ல. எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் எண். ஒரு கோடீஸ்வரப் பட்டதாரி இருப்பதால் இது ஏறிவிடாது.

சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் எழுத்துகள் இருக்கும். மாணவர்களின் அந்தரங்கம் கருதி மறைத்தவை அல்லது விவரமே இல்லாதவை. அவற்றைக் காலியாக விடுங்கள். அங்கே சுழியம் போட்டுவிட்டால் கடனே இல்லாத சொர்க்கம் போல அந்தக் கல்லூரி பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்துவிடும்.

இரண்டு வளாகங்களுக்குக் கடனும் சம்பளமும் ஒரே எண்ணாக இருந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். ஒரே அடையாள எண்ணின் கீழ் உள்ள கிளைகளைச் சேர்த்தே கணக்கிடுகிறார்கள்.

படி 4: முதல் வகுத்தல்

கடனை ஆண்டுச் சம்பளத்தால் வகுங்கள். கடன் 'சி' நிரலிலும் சம்பளம் 'டி' நிரலிலும் இருந்தால், புதிய நிரலில் =சி2/டி2 (எக்ஸெலில் ஆங்கில எழுத்தில்). ஒரு கற்பனை உதாரணம்: கடன் 24,000 டாலர், சம்பளம் 60,000 என்றால் விடை 0.40. இன்னொரு கல்லூரியில் கடன் 26,000, சம்பளம் 80,000 என்றால் 0.325. எண் சிறியதாக இருந்தால் நல்லது. சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள்.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல் நாள் இங்கேதான் நிறுத்தி, "அட, தனியார் கல்லூரியிலும் கடன் ஒன்றும் அதிகமில்லையே!" என்று வீட்டில் சொன்னேன். தவறான முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

படி 5: கடன் நிரலுக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது

கடன் நிரலை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். அரசுக் கல்லூரி, விலை உயர்ந்த தனியார் கல்லூரி என்று எதை எடுத்தாலும் எண்கள் கிட்டத்தட்ட ஒரே பகுதியில் சுற்றிக்கொண்டிருக்கும். காரணம் எளிது. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவர் ஃபெடரல் அரசிடம் முதல் வருடம் 5,500 டாலர், இரண்டாம் வருடம் 6,500, அதற்குப் பிறகு வருடத்துக்கு 7,500 வரைதான் கடன் வாங்க முடியும். நான்கு வருடத்துக்குக் கூட்டினால் 27,000. கல்லூரி வருடத்துக்கு 30,000 கேட்டாலும் 80,000 கேட்டாலும் மாணவரின் பெயரில் ஃபெடரல் கடன் பொதுவாக இதற்கு மேல் ஏறாது. ஸ்கோர்கார்டின் இந்த நிரல் அந்தக் கடனைத்தான் எண்ணுகிறது.

அப்படியானால் மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது? பெற்றோரின் பெயரில் வாங்கும் 'பேரன்ட் பிளஸ்' கடன், வங்கிகளின் தனியார் கடன், நம் மாநில அரசு அமைப்பான ஹெசா கொடுக்கும் 'என்ஜேகிளாஸ்' கடன், வீட்டு மேல் வாங்கும் கடன், அப்பாவின் ஓய்வுக்காலச் சேமிப்பு. இவை எதுவும் அந்த நிரலில் இல்லை. நம் குடும்பங்களில் பிள்ளையின் படிப்புக் கடன் பெரும்பாலும் பெற்றோர் தோளில்தான் இருக்கிறது. அதனால் மாணவர் கடனை மட்டும் வைத்துக் கல்லூரிகளை ஒப்பிட்டால், நம்மைப் பொறுத்தவரை முக்கியமான பாதியைப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம்.

இரண்டு கடன்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளிலேயே பார்த்துவிடுங்கள். எக்ஸெலில் மாதத் தவணை கணக்கிட =பிஎம்டி(வட்டி/12, மாதங்கள், -கடன்) என்று ஒரு ஃபார்முலா உண்டு; இதையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 2025-26 கல்வியாண்டில் மாணவர் கடனுக்கு வட்டி 6.39 சதவீதம். 27,000 டாலரைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 305 டாலர். வேலையில் இருக்கும் பிள்ளை சமாளித்துவிடும். அதே ஆண்டில் பேரன்ட் பிளஸ் வட்டி 8.94 சதவீதம். 60,000 டாலர் என்றால் மாதம் சுமார் 758. இதை ஐம்பதைத் தாண்டிய அப்பாவோ அம்மாவோ அறுபதைத் தாண்டும்வரை கட்ட வேண்டும். கடன் கொடுக்கும்போதே 4 சதவீதத்துக்கு மேல் கட்டணமாகவும் பிடித்துக்கொள்கிறார்கள்.

2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்குப் பேரன்ட் பிளஸ் கடன் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் தனியார் கடன்தான்.

படி 6: நிகரச் செலவைக் கொண்டுவருவது

எனவே தாளில் உண்மையான வேலையைச் செய்வது நிகரச் செலவு நிரல்தான். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றையும் கூட்டி, திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகையைக் கழித்தால் வருவது. பொதுவான நிகரச் செலவை எடுக்காதீர்கள். குடும்ப வருமானத்தை 30,000 வரை, 48,000 வரை, 75,000 வரை, 110,000 வரை, அதற்கு மேல் என்று ஐந்தாகப் பிரித்துத் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் பிரிவை எடுங்கள். எங்களைப் போல இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் பல கடைசிப் பிரிவில் வரும், அங்கே எண்கள் பொது நிகரச் செலவைவிடக் கூடுதலாக இருக்கும்.

அதை நான்கால் பெருக்குங்கள். அதிலிருந்து உங்கள் சேமிப்பையும், மாதச் சம்பளத்தில் சிரமமில்லாமல் கொடுக்கக்கூடிய தொகையையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் குடும்பத்தின் கடன். படி 4-ல் போட்ட வகுத்தலை இப்போது இந்தக் கடனை வைத்துத் திரும்பச் செய்யுங்கள். என் தாளில் வரிசை தலைகீழாக மாறியது. முதலில் நடுவில் இருந்த இரண்டு அரசுக் கல்லூரிகள் மேலே வந்தன.

பிரின்ஸ்டனைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 2001-லேயே உதவித்தொகைத் திட்டத்தில் கடனை எடுத்துவிட்டு மானியமாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே அங்கே கடன் வாங்கியவர்கள் மிகக் குறைவு, கடன் நிரலில் தெரிவது அந்தச் சிலரின் எண். ஃபெடரல் கடன் வாங்குவோரின் விகிதத்தையும் பக்கத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

படி 7: சம்பள எண்ணை எப்படிப் படிப்பது

இந்தச் சம்பளம் பட்டம் பெற்றவர்களுடையது மட்டுமல்ல. கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டவர்களும் இதில் உண்டு. ஆனால் கடன் நிரலில் படிப்பை முடித்தவர்கள் மட்டும்தான். முடிப்பவர் விகிதம் குறைவாக உள்ள கல்லூரியில் இந்த இரண்டு கூட்டமும் வெவ்வேறு ஆட்கள், அங்கே வகுத்து வரும் விடையை அதிகம் நம்ப வேண்டாம். ஃபெடரல் உதவி பெற்ற மாணவர்கள் மட்டுமே இதில் சேர்க்கப்படுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் வருபவர்களுக்கும் அந்த உதவி கிடையாது. அவர்களின் கதை இந்த எண்களில் இல்லை.

அடுத்தது பாடப்பிரிவு. ஸ்டீவன்ஸிலும் என்ஜேஐடியிலும் பொறியியல், கணினி படிப்பவர்கள் அதிகம், சம்பளம் உயர்ந்துதான் தெரியும். ஆசிரியர் பயிற்சி, இசை, சமூகப்பணி என்று பல துறைகளுக்கும் ஆளை அனுப்பும் கல்லூரியோடு அதை நேருக்கு நேர் வைப்பது சரியல்ல. உங்கள் மகள் நர்சிங் படிக்கப் போகிறாள் என்றால் கல்லூரியின் மொத்தச் சம்பளத்தைப் பார்த்துப் பயனில்லை. தளத்தில் 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஸ்டடி' என்ற பகுதியில் பாடவாரியாகச் சம்பளமும் கடனும் இருக்கின்றன. அந்த எண்ணை எடுத்துத் தாளில் மாற்றிப் போடுங்கள். சின்னத் துறைகளில் எண் மறைக்கப்பட்டிருக்கும், அப்போது பக்கத்துத் துறையின் எண்ணைக் கடன் வாங்கிப் போடாமல் காலியாகவே விடுங்கள்.

படி 8: ஃபில்டர் மறைத்துவிட்ட வழி

படி 2-ல் இரண்டு வருடக் கல்லூரிகளை நாம் நீக்கிவிட்டோம். அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து தாளில் ஒரு வரிசை சேருங்கள்: இரண்டு வருடம் கவுண்டி காலேஜ் (மாவட்ட அளவில் நடக்கும் இரண்டு வருட அரசுக் கல்லூரி), இரண்டு வருடம் அரசுப் பல்கலைக்கழகம். எடிசனில் மிடில்செக்ஸ் காலேஜ் இருக்கிறது. கவுண்டி காலேஜில் ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். என்ற இரண்டு வருடப் பட்டம் முடித்தவர் மாநிலத்தின் நான்கு வருட அரசுக் கல்லூரியில் சேரும்போது முதல் இரண்டு வருடப் பாடங்களை ஏற்றுக்கொள்ள மாநிலச் சட்டமே இருக்கிறது. பள்ளியில் முதல் 15 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளுக்கு 'என்ஜே ஸ்டார்ஸ்' திட்டத்தில் கவுண்டி காலேஜின் கல்விக் கட்டணமே கிடையாது. நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. கடைசியில் சான்றிதழில் இருக்கப்போவது ரட்கர்ஸின் பெயர்தான்.

இந்த வரிசைக்கான நிகரச் செலவுக்கு இரண்டு கல்லூரிகளின் எண்ணையும் தலா இரண்டால் பெருக்கிக் கூட்டுங்கள். பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரும் என்றால் வாடகையைக் கழித்துவிடலாம்.

படி 9: கடைசி நிரல்

ஸ்கோர்கார்டு எண்கள் சில வருடங்கள் பழையவை, உங்கள் வீட்டுக்காகக் கணக்கிட்டவையும் அல்ல. அதனால் பட்டியலை நான்கைந்து கல்லூரிகளாகக் குறைத்த பிறகு, ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உள்ள 'நெட் பிரைஸ் கால்குலேட்டரை'த் திறங்கள். 2011-லிருந்து எல்லாக் கல்லூரிகளும் அதை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வரிக் கணக்குத் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உண்மையான வருமானத்தைப் போடுங்கள். வரும் எண்ணைப் புதிய நிரலில் எழுதி, பக்கத்தில் இன்னொரு நிரலைக் காலியாக விடுங்கள். மார்ச், ஏப்ரலில் கல்லூரிகளிடமிருந்து உதவித்தொகைக் கடிதங்கள் வரும்போது மானியத்தை மட்டும் கழித்து அந்த நிரலை நிரப்புங்கள். சில கடிதங்கள் கடனையும் உதவி என்ற தலைப்பிலேயே போட்டிருக்கும், அதைக் கழிக்காதீர்கள். மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய வார இறுதியில் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நிரலைச் சேர்ந்து பாருங்கள்.