பழைய தோட்டப் புத்தகம் மலிவாக வாங்க: வன்னித் தோட்டக்காரருக்கு

வளவுக்குள் நாலு கத்தரி, இரண்டு பப்பாசி, வேலியோரம் முருங்கை என்று தொடங்குகிறவருக்குப் புதுப் புத்தகம் தேவையே இல்லை. பழையது போதும். ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வன்னி மண்ணுக்கும் மழைக்கும் ஒத்துவராத புத்தகம் சும்மா கிடைத்தாலும் நட்டம்தான்.

படி 1: காசில்லாமல் கிடைப்பதை முதலில் எடுங்கள்

பத்தாம், பதினோராம் தர விவசாயப் பாடநூல்கள் தொடக்கக்காரருக்குத் தாராளம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இறக்கலாம். அரசு இலவசமாகக் கொடுக்கும் நூல் அது, யாராவது விலை சொன்னால் பேசாமல் நடையைக் கட்டுங்கள். ஈழத்துப் பழைய விவசாய வெளியீடுகளை நூலகம் நிறுவனத்தின் தளத்தில் வாசிக்கலாம். விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்களுக்கு 1920 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பிடியுங்கள்.

படி 2: வாங்குமுன் நூலகத்தில் புரட்டுங்கள்

பிரதேச சபை நூலகத்தில் 630 தொடக்கம் 635 வரையான இலக்கத் தட்டுக்குப் போங்கள். 632 நோயும் பீடையும், 634 பழமரம், 635 மரக்கறியும் பூவும். அரை மணித்தியாலம் புரட்டினால் எந்த மாதிரிப் புத்தகம் உங்களுக்குத் தேவை என்று தெரிந்துவிடும்.

படி 3: எங்கே தேடுவது

வன்னிக்குள் பழைய தமிழ்ப் புத்தகம் குறைவு. 2008, 2009 இடப்பெயர்வில் வீடுகளோடு அலுமாரிகளும் போய்விட்டன. ஆகவே பழைய பேப்பர் நிறுத்து வாங்குகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். கச்சான் சுருளுக்குப் போக இருக்கிற புத்தகம் கிலோக் கணக்கில் வரும், அதைவிட மலிவு கிடையாது.

கொழும்புக்குப் போகிறவர் யாராவது இருந்தால், மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையோரத்துப் பழைய புத்தகக் கடைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு முன்னால் ஆங்கிலமும் சிங்களமும்தான் இருக்கும். “தமிழில் விவசாயம் இருக்கா?” என்று வாய்விட்டுக் கேட்டால்தான் அடிக்கட்டிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

அங்கே பளபளப்பான இங்கிலாந்துத் தோட்டப் புத்தகங்களும் கிடக்கும். உறைபனி நீங்கியபின் நடுக என்று எழுதியிருக்கும், நமக்கு அது கதைப் புத்தகம். ஒட்டுதல், பதியம், கவ்வாத்து (கிளை வெட்டிவிடுதல்) ஆகியவற்றுக்குப் படம் தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். கத்தி பிடிக்கும் விதம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

படி 4: அச்சுப் பக்கத்தை வாசியுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். அட்டையை விடுங்கள். உள்ளே இரண்டாம், மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள்.

முதலில் ஐ.எஸ்.பி.என். இலக்கம், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் கொடுக்கும் அடையாள எண். 978க்குப் பின் 955 அல்லது 624 வந்தால் இலங்கைப் பதிப்பு. 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு. 2007க்கு முந்தியதில் 978 இருக்காது, நேரே 955 அல்லது 81 என்று தொடங்கும்.

இந்தியப் புத்தகம் கெட்டது என்பதல்ல, பருவம்தான் வேறு. “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பதை நம்பி ஆடியில் இங்கே மானாவாரியாய் விதைத்தால், சோளகக் காற்று மண்ணை வறுத்தெடுத்துவிடும். நமக்கு மழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை. மானாவாரி விதைப்புப் புரட்டாதிக் கடைசியில் தொடங்கும். கிணறும் பம்பும் இருந்தால் மட்டும் ஆடியைப் பற்றி யோசிக்கலாம். நில அளவும் மாறும்: அவர்களின் சென்ட் ஏக்கரில் நூறில் ஒன்று, நமது பரப்பு பதினாறில் ஒன்று. அதாவது ஒரு பரப்பு ஆறேகால் சென்ட்.

இரண்டாவது, ஆண்டு. “மீள்பதிப்பு 2015” என்றால் 2015இல் எழுதியது என்று அர்த்தமில்லை. முதற்பதிப்பு 1982 என்று மேல் வரியில் ஒளிந்திருக்கும். பழைய புத்தகத்தில் மண், நீர், ஒட்டு பற்றி எழுதியது கெடாது. கெடுவது மருந்தும் பசளையும். பூச்சிமருந்துகளான மொனோகுரோட்டோபொஸ் இலங்கையில் 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் தடையாயின. அதற்கு முந்திய நூல் இரண்டையும் தாராளமாய் அடிக்கச் சொல்லும். வீட்டுக்கு வந்த அன்றே அந்தப் பக்கங்களில் சிவப்புப் பேனையால் குறுக்குக் கோடு போடுங்கள். கிழிக்காதீர்கள், பின்பக்கத்தில் நல்ல விடயம் இருக்கலாம்.

பசளையில் ஒரு கணக்கு. பழைய நூல் ஏக்கருக்கு ஒரு அந்தர் அமோனியம் சல்பேற்று என்கிறது என்று வையுங்கள். அந்தர் என்பது 50.8 கிலோ. அதில் நைதரசன் 21 வீதம், ஆகவே 10.7 கிலோ. யூரியாவில் நைதரசன் 46 வீதம். அதே நைதரசனுக்கு 23 கிலோ யூரியா போதும், ஒரு பரப்புக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. “ரெண்டும் வெள்ளைப் பசளைதானே” என்று அந்தருக்கு அந்தர் யூரியா போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் போய், இலை ஓரம் கருகும். இது மாற்றும் முறைக்கு உதாரணம் மட்டுமே. இன்றைய அளவைப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

படி 5: பழுதும் விலையும்

புத்தகத்தை முதுகில் பிடித்து மேசையில் இரண்டு தரம் தட்டுங்கள். மாப்போலத் தூள் கொட்டினால் உள்ளே புழு இருக்கிறது. முதுகு மடிப்பை விரித்து நகத்தால் சுரண்டுங்கள், செம்மண் வந்தால் கறையான். இரண்டையும் வாங்க வேண்டாம். மஞ்சள் பிடித்த தாள், துருப்பிடித்த கம்பி, காணாமற்போன அட்டை பரவாயில்லை, விலை குறைக்க அதுவே சாட்டு. நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விலைக்கு என் அளவுகோல்: நல்ல நிலையில் இருந்தால் அச்சு விலையில் பாதி, அட்டை போயிருந்தால் மூன்றிலொன்று. இந்தியப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பது இந்திய ரூபா. முதலில் நமது காசுக்கு மாற்றிவிட்டுப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரோடு வீண் சண்டை.

படி 6: தூரத்திலிருந்து வாங்கினால்

முகநூலிலோ இக்மன் விளம்பரத் தளத்திலோ பார்த்தால் நாலு படம் கேளுங்கள்: அச்சுப் பக்கம், பொருளடக்கம், முதுகு, கடைசிப் பக்கம். கடைசிப் பக்கத்தைக் கட்டாயம் கேளுங்கள், அட்டவணைகள் அங்கேதான் இருக்கும், கிழிவதும் அங்கேதான். முழுக் காசையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பஸ்ஸில் பார்சல் வந்தால் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள், மாரியில் இரட்டைச் சுற்று.

வந்ததும் அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். காற்றுப் புகாத பொலித்தீனில் கட்டி, ஆழ் உறைபெட்டியில் இரண்டு கிழமை விடுங்கள், ஒளிந்திருக்கும் புழு செத்துவிடும். எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் வியர்த்துத் தாள் நனையும்.

பின்னர் சேர்த்தது

பொருளடக்கத்தில் பயிரைக் காணவில்லை என்று சிலர் கேட்டார்கள். பயிர் இருக்கிறது, பெயர்தான் வேறு. இந்தியப் புத்தகத்தில் கச்சானுக்கு நிலக்கடலை, பப்பாசிக்குப் பப்பாளி, வத்தகைக்குத் தர்ப்பூசணி, கோவாவுக்கு முட்டைக்கோஸ், போஞ்சிக்குப் பீன்ஸ் என்று தேடுங்கள். முந்திரியில் மட்டும் கவனம். அவர்கள் முந்திரி என்பது நமது மரமுந்திரிகை, கஜு. நாம் முந்திரிகை என்பது அவர்களுக்குத் திராட்சை. கொடிக்குப் பந்தல் போட நினைத்து, மரத்துக்குக் குழி வெட்டும் பக்கத்தை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.