லைவ்பேட்ச் எழுதுகிறீர்களா? நிழல் தரவை விடுவிக்க மறக்காதீர்கள்

லைவ்பேட்ச் என்பது ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) மறுதொடக்கம் செய்யாமலே திருத்தும் பேட்ச். ஆனால் அதில் ஒரு ஸ்ட்ரக்ட்டின் (தரவுக் கட்டமைப்பின்) அளவை மாற்ற முடியாது. கூடுதல் தரவு வேண்டுமென்றால் ஷேடோ வேரியபிள், அதாவது பொருளுக்கு வெளியே வைக்கும் நிழல் தரவுதான் வழி. பொருளின் முகவரியும் ஓர் ஐடி எண்ணும் சேர்ந்து சாவி. தரவு தனி ஹாஷ் டேபிளில் (சாவியை வைத்துத் தேடும் அட்டவணையில்) இருக்கும்.

ஒதுக்குவது சுலபம். வைஃபை குறியீட்டில் 'ஸ்டா_இன்ஃபோ' என்ற ஸ்ட்ரக்ட்டுக்கு ஒரு ஸ்பின்லாக் (ஒரு வகைப் பூட்டு) சேர்க்கிறீர்கள் என்றால், 'ஸ்டா_இன்ஃபோ_அலாக்'கில் ஒதுக்கும்போதே 'ஸ்டா_இன்ஃபோ_ஃப்ரீ'யையும் பேட்ச் செய்து அங்கே 'கேஎல்பி_ஷேடோ_ஃப்ரீ'யை அழையுங்கள். விட்டுவிட்டால் நினைவகம் கசிவதோடு போகாது. அதே முகவரி நாளை வேறொரு பொருளுக்குப் போகும்; பழைய பூட்டு அதன் தலையில் வந்து உட்காரும். இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பேட்சுக்கு முன்பே பிறந்த பொருள்களுக்கு நிழல் இருக்காது. அதனால் நிழலைத் தேடும் 'கேஎல்பி_ஷேடோ_கெட்' NULL (எதுவும் இல்லை) என்று திருப்பினால் பழைய வழியிலேயே போக விடுங்கள். அல்லது 'கேஎல்பி_ஷேடோ_கெட்_ஆர்_அலாக்' வைத்து அந்த இடத்திலேயே உருவாக்குங்கள்.

சரி, பேட்சையே எடுக்கும்போது? 'போஸ்ட்_அன்பேட்ச்' கால்பேக்கில் (பேட்ச் நீங்கிய பின் கெர்னல் அழைக்கும் செயற்கூற்றில்) அந்த ஐடிக்கு 'கேஎல்பி_ஷேடோ_ஃப்ரீ_ஆல்' போதும். ஆனால் அட்டாமிக் ரிப்ளேஸ் செய்தால், அதாவது பழைய பேட்சுகளை ஒரே புது பேட்சால் மாற்றினால், பழைய பேட்சின் கால்பேக்குகள் ஓடவே ஓடாது, புதியதன் கால்பேக்குகள் மட்டும்தான் ஓடும். பழைய ஐடியைப் புது பேட்ச் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும், அல்லது தன் 'போஸ்ட்_பேட்ச்'சில் அதுவே துடைக்க வேண்டும். எந்த ஐடி எந்த பேட்சில் வந்தது என்று ஒரே ஹெடர் கோப்பில் எழுதி வையுங்கள்.