ராக் காமெடிப் படத்தைக் கூட்டமாகப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராப் ரைனர் இயக்கி 1984-ல் வெளியான 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்தைத் தனியாக லேப்டாப்பில் பார்த்தால் புன்னகையோடு முடிந்துவிடும். அறுபது பேரோடு உட்கார்ந்து பார்த்தால் வயிறு வலிக்கும். ஆனால் அந்த அறுபது பேருக்கும் வசனம் காதில் விழ வேண்டும். ராக் படம்தானே, சத்தம் வைத்தால் போதும் என்று நினைத்துத்தான் பல திரையிடல்கள் வீணாகின்றன.

பாட்டை ஓட்டிப் பார்த்து வால்யூம் முடிவு செய்யாதீர்கள். இல்லாத ஒரு இசைக்குழுவைப் பற்றிய போலி ஆவணப்படம் இது. மேடையில் இரைச்சல் காதைப் பிளக்கும்; நகைச்சுவையில் பெரும்பகுதியோ பேட்டிகளில், முகத்தில் சிரிப்பே இல்லாமல் நிதானமாகச் சொல்லும் வரிகளில் இருக்கிறது. பாட்டுக்குச் சரியாக இருக்கும் அளவில் பேட்டி முணுமுணுப்பாகிவிடும். கிதார் கலைஞர் நைஜல் தன் ஆம்ப்ளிஃபயரைக் காட்டும் பேட்டியை ஓட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். எல்லா ஆம்ப்ளிஃபயரிலும் திருகு 10 வரை, அவருடையதில் 11 வரை. 10-ஐயே இன்னும் சத்தமாக்கினால் என்ன என்று பேட்டி எடுப்பவர் கேட்டதும் பதில் வராமல் ஒரு மௌனம். அரங்கு அந்த மௌனத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிடும். பதில் சிரிப்பைத் தாண்டிக் கேட்டாக வேண்டும். நிறைந்த அரங்கில் உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சும் என்பதால், காலி அரங்கில் வைத்த அளவோடு 3 டெசிபல் கூட்டுங்கள். அந்த அளவில் பாட்டு தாங்க முடியாவிட்டால், பல பிளேயர்களில் 'நைட் மோட்' இருக்கும். அது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும்.

இரண்டே ஸ்பீக்கர் உள்ள அரங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆறு சேனல்களாகப் பிரிந்து வரும் 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். அந்தச் சேனல் எங்கும் இணைக்கப்படாவிட்டால் கிதார் முழங்கும், வாய் மட்டும் அசையும். பிளேயரின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் தீர்ந்தது. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஒலி பிந்தி வந்தால் நகைச்சுவையின் நேரக்கணக்கே குலைந்துவிடும்.

இருநூறு இருக்கைகளில் அறுபது பேரைச் சிதறி உட்காரவிடாதீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் சிரிப்பு தொற்றும். பின்வரிசைகளைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள்.

சமதளத் தரை என்றால் திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நாலரை அடியாவது மேலே இருக்கட்டும். இங்கிலாந்தின் பழங்காலக் கற்சின்னமான ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரியில் 18 அடி உயரத்தில் வர வேண்டிய கல்வாசல், வரைபடத்தில் அடிக்குப் பதில் அங்குலக் குறி விழுந்ததால் 18 அங்குலத்தில் மேடைக்கு இறங்கும். அந்தக் குட்டிக் கல்வாசலும் சப்டைட்டிலும் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடக் கூடாது. சப்டைட்டில் போட்டால் சிலர் வரியைப் படித்து முன்கூட்டியே சிரிப்பார்கள். இருந்தாலும் இசைக்குழுவினரின் பிரிட்டிஷ் ஆங்கில உச்சரிப்பு பழகாதவர்கள் அதிகம் என்றால் போட்டுவிடுங்கள். புரியாமல் உட்கார்ந்திருப்பது அதைவிட மோசம்.

படம் 82 நிமிடம்தான். இடைவேளை விட்டால் சூடு ஆறிவிடும்.

'ராக்கி ஹாரர்' படத்துக்கு 1976 முதல் நியூயார்க் நள்ளிரவுக் காட்சிகளில் உருவான பழக்கம், திரையைப் பார்த்துக் கத்துவதும் அரிசி எறிவதும். அந்தப் படத்துக்கு அது அழகு. இங்கே பாட்டுக்குக் கூடவே பாடலாம், கைதட்டலாம்; பேட்டி வசனத்தை முந்திச் சொன்னால், முதல்முறை பார்ப்பவரின் சிரிப்பைப் பறித்ததாகிவிடும். அறிமுக உரையிலும் அந்த 11-ஐச் சொல்லிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்றிதழ்; அதாவது 17 வயதுக்குக் கீழுள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். கெட்ட வார்த்தைகள் ஏராளம் என்று அழைப்பிலேயே குறிப்பிடுங்கள். வீட்டுக்கு வாங்கிய டிஸ்க்கைப் பொதுத் திரையிடலுக்குப் போட அனுமதி கிடையாது. உரிமையைத் தனியாக வாங்க வேண்டும்.

எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போடுவது கடைசித் தவறு. அப்போதும் பேட்டித் துணுக்குகள் வந்துகொண்டே இருக்கும். விளக்கு சுவிட்ச் பக்கம் இருப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.