இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தையின் அட்ரினல் சுரப்பியைக் காப்பது எப்படி?

ஆஸ்துமாவுக்காக எழுதித்தந்த இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருப்பது தெரிந்ததும் அதை நிறுத்திவிடும் பெற்றோர் பலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குறைந்த அளவில் எடுக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அட்ரினல் பாதிப்பு வருவதில்லை. கட்டுப்படாத ஆஸ்துமாவோ உயிரையே பறிக்கக்கூடும். அதிக அளவை நெடுநாள் எடுக்கும் குழந்தைகளுக்குத்தான் கூடுதல் கண்காணிப்பு தேவை.

சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் தரும் கார்டிசோல் என்ற ஹார்மோன், காய்ச்சல், அறுவைச் சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்துவிடாமல் காக்கிறது. நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கும் ஸ்டீராய்டு மிகுந்தால், அட்ரினலை இயக்கும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் தூண்டுதலைக் குறைத்துக்கொள்ள, நாளடைவில் அட்ரினல் சுருங்கி, அவசரத்தில் சுரக்க இயலாமல் போகிறது.

ஆகவே முதலில் ஒரு நாளின் மொத்த அளவைக் கணக்கிடுங்கள். 6 முதல் 11 வயது வரை, இன்ஹேலர் ஸ்டீராய்டுகளான புளூட்டிகசோன் புரோப்பியனேட் 200 மைக்ரோகிராமையோ பியூடெசொனைடு 400 மைக்ரோகிராமையோ தாண்டினால் அது உயர் அளவு; மருந்துக்கு மருந்து வீரியம் மாறுவதால் மைக்ரோகிராம் எண்களை மட்டும் ஒப்பிடக் கூடாது. 2002இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில் கடுமையான அட்ரினல் நெருக்கடிக்கு (கார்டிசோல் போதாமல் உயிருக்கே ஆபத்தாகும் நிலைக்கு) உள்ளான 28 குழந்தைகள் பதிவாயினர். அவர்களில் 23 பேருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிந்திருந்தது. பெரும்பாலோர் எடுத்தது உயர் அளவு புளூட்டிகசோன். மூக்கு ஸ்பிரே, தோல் களிம்பு, அவ்வப்போது தந்த ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். இட்ராகொனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கு), ரிட்டோனாவிர் (எச்.ஐ.வி. சிகிச்சைக்கு) போன்ற மருந்துகள் ஸ்டீராய்டை உடலில் தேக்கிவிடும் என்பதால், அவற்றைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய் போன்ற கலன்) வைத்துக் கொடுத்து, பின் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். ஆஸ்துமா 3 மாதம் கட்டுக்குள் இருந்தால், அளவைக் குறைக்கலாமா என்று நீங்களே கேளுங்கள்.

விடாத சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, எடை குறைதல், வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவை தென்பட்டால், காலை 8 மணியளவில் கார்டிசோல் பரிசோதனையும், தேவையெனில் அட்ரினலைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனையும் செய்யப்படும். குறைபாடு உறுதியானால், காய்ச்சல் நாள்களில் கார்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மருந்து எவ்வளவு தருவது என்பதை எழுத்தில் வாங்கி, பள்ளியிலும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். குழந்தை மயங்கினாலோ வலிப்பு கண்டாலோ உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசென்று, இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.